ராபியா காட்டிய மார்கழி

காலை பத்து மணிக்கு ஆபீஸ் வாசலுக்குப் பக்கத்திலேயே வேப்பமர நிழல் குளுகுளுவென்று கிடக்கும். ராபியா அதைத் தாண்டிப்போய்க் கொதிக்கிற வெயிலில் ஸ்கூட்டியை நிறுத்துவாள். எதிர்த்த டீக்கடை மலையாண்டிக்குத் தினமும் இது ஒரு வேடிக்கை.

"ஏம்மா, வண்டிக்கு வேர்க்குரு வந்துறப் போகுது!"

"மத்தியானம் சிரிங்கண்ணே. இப்பவே சிரிச்சுத் தீத்துறாதீக."

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் இறங்கி வரும்போது மரத்தடி வண்டிகளெல்லாம் வெயிலில் காய்ந்து கிடக்கும். அவளுடையது மட்டும் நிழலுக்குள் நிற்கும். அதற்காக அவள் சந்தோஷப்பட்டு யாரும் பார்த்ததில்லை. காய்கிற வண்டிகளைப் பார்த்துக் கோபம்தான் வரும். "பொழுது நகரும்னுகூடவா தெரியாது?" என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்புவாள்.

காரைக்குடி செக்காலையில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில், கதிரவன் நடத்துகிற வீட்டு வரைபட ஆபீஸ். இனிமேல் கட்டப்போகிற வீடுகளைக் கம்ப்யூட்டருக்குள் கட்டிக் காட்டுவது ராபியாவின் வேலை. சுவர், படி, ஜன்னல் எல்லாம் மற்றவர்களும் செய்வார்கள். நிழல் மட்டும் அவள் கைதான். இது காரைக்குடி, இது வடக்கு, இன்ன மாதம், இன்ன மணி என்று சொல்லிக் கொடுத்தால், கட்டடத்தின் நிழல் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் விழும் என்று கம்ப்யூட்டர் காட்டிவிடும். திரையோரத்தில் மாதங்களுக்கென்று ஒரு பட்டை இருக்கிறது. அதை இழுக்க இழுக்க நிழல் சுருங்கும், நீளும், பக்கம் மாறும். பட்டையில் எழுதியிருப்பது ஏப்ரலும் டிசம்பரும். அவள் வாயில் வருவது சித்திரையும் மார்கழியும்.

வேலையைத் தொடும்போது தலையில் முக்காட்டைச் சரிசெய்து பிஸ்மில்லா சொல்வாள். ஆண்டவன் பேரைச் சொல்லித் திறந்த படத்தில் பொய் வெயில் அடிக்கக் கூடாது என்பது அவள் கட்சி. வருகிறவர்களுக்கோ பொய் வெயில்தான் பிடிக்கும். அமராவதிபுதூர்க்காரர் ஒருவர், வடக்குப் பார்த்த தன் வீட்டு முகப்பு மார்கழிக் காலையில் தகதகவென்று மின்ன வேண்டும் என்றார்.

"ஆனி, ஆடி வாக்குல விழுந்தாத்தான் உண்டு சார். மார்கழியில அந்தச் செவத்துக்கு வெயிலே கெடையாது."

"விழுற மாதிரி போடும்மா. எடுப்பா இருக்கும்ல?"

"சூரியன் என்ன உங்க வீட்டு டியூப் லைட்டா, வேணுங்குற எடத்துல மாட்டுறதுக்கு?"

அவர் வேறு ஆபீசுக்குப் போய்விட்டார். கதிரவன் அன்று முழுக்க அவளை முறைத்துக்கொண்டே திரிந்தார். அவள் மவுசை மேஜையில் டக் டக்கென்று இடித்துக்கொண்டிருந்தாள்.

போன சித்திரையில்தான் அந்த ஓட்டல் வேலை வந்தது. கண்டரமாணிக்கத்தில் ஐந்து மாடி. அதற்கு வடக்கே, சுவரை ஒட்டி, மாரீஸ்வரியும் ஏழெட்டுப் பெண்களும் வடகம் பிழிந்து காயவைக்கிற பொட்டல். மார்கழியில் பிழிந்து காய்ந்தால்தான் பொங்கலுக்குக் கடைகளுக்குப் போகும். அவர்கள் வீட்டு உலை கொதிப்பது அந்த வெயிலை நம்பித்தான்.

அக்கம்பக்கத்தில் ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்து வாங்கிவிட்டால் பின்னால் வம்பு வராது என்று ஓட்டல்காரர் நினைத்தார். கதிரவன் ராபியாவிடம் சொன்னார்: "சித்திரை மாசம், உச்சி நேரம். அந்த ஒரு படம் போதும்."

சித்திரை உச்சியில் சூரியன் நடுமண்டைக்கு மேல் நிற்கும். ஐந்து மாடியின் நிழலும் அதன் காலடிக்குள்ளேயே அடங்கிவிடும். படத்தில் பொட்டல் பளபளவென்று இருந்தது. அதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் ராபியாவுக்குப் பொறுக்கவில்லை.

"மார்கழியும் போடுறேன் சார்."

"கேட்டாகளா? கேக்காதத எதுக்குப் போடுற?"

"கேக்கத் தெரியாதவகட்டத்தான போறீக?"

"ஒனக்குச் சம்பளம் படத்துக்கு. வாய்க்கு இல்ல."

மறுநாள் பெரிய பிளெக்ஸில் அந்தப் படத்தை அடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். யாராவது விவரம் கேட்டால் சொல்வதற்காக ராபியாவும் லேப்டாப்போடு போனாள். பொட்டலில் துணி துணியாக வடகம் காய்ந்துகொண்டிருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள்.

மாரீஸ்வரி படத்தைப் பார்த்தார். பிறகு ராபியாவைப் பார்த்தார். "நீ போட்டதா ஆத்தா? அளவெடுக்க வந்தன்னைக்கு ஒரு வடகத்தக்கூட மிதிக்காம நடந்த புள்ளயில்ல! அப்பச் சரியாத்தான் இருக்கும். எங்குட்டுய்யா கையெழுத்து?"

பேனா காகிதத்துக்குப் போனது.

"அக்கா, பேனாவக் கீழ வைங்க."

கதிரவன் திரும்பினார். ராபியா அதற்குள் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்திருந்தாள். அடித்த வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி மாதிரி அவள் முகம்தான் தெரிந்தது.

"என்னத்தடி பாக்கச் சொல்ற? ஓம் மூஞ்சியவா?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

"நிழல் வேணும்க்கா."

நாலு பேர் வெறும் வடகத்துணி ஒன்றை எடுத்து நாலு மூலையிலும் பிடித்தார்கள். அந்தத் துணிக்கடியில் தலைகள் முட்டிக்கொள்ள, ராபியா பட்டையை இழுத்தாள். சித்திரை, ஆடி, ஐப்பசி. ஓட்டலின் காலடியிலிருந்து கறுப்பு மெல்ல வெளியே வந்தது. சுவரைத் தாண்டியது. பொட்டலில் பரவியது.

"இதென்னடி, நம்ம பொட்டல் பூராம் கறுத்துக் கெடக்கு?"

"உங்க மார்கழிக்கா."

"விடியக்காலமா இருக்கும். உச்சியில வெயில் வந்துரும்ல?"

"இதுதான்க்கா உச்சி. காலையில இன்னும் நீளம்."

துணியைப் பிடித்திருந்த கை ஒன்று தளர்ந்து ஒரு மூலை தொங்கியது. அந்த வழியாகக் கதிரவன் கையை விட்டு லேப்டாப்பைப் பட்டென்று மூடினார்.

"இது என் மெஷினு. நாளையிலருந்து ஆபீஸ் படி ஏறாத."

ராபியா எழுந்தாள். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"மூடிப்புட்டாரே," என்றார் மாரீஸ்வரி. "எது வரைக்கும் வருதுன்னு நல்லாப் பாக்கலயே நான்."

ராபியா சுவரோரம் கிடந்த செங்கல் துண்டு ஒன்றை எடுத்தாள். பொட்டலின் கிழக்கு ஓரத்தில், வடக்கு வேலியோரம் வெயில் மிஞ்சுகிற ஒரு பாய் அகலத்தை விட்டுவிட்டு, குனிந்து தரையைக் கீறத் தொடங்கினாள். சித்திரை மண் வெறுங்காலைச் சுட்டது. பெண்கள் வடகத்துணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வழிவிட்டார்கள். "ராபியா!" என்று கதிரவன் கத்தினார். கோடு போய்க்கொண்டே இருந்தது. மேற்கு ஓரத்தைத் தொட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். நடுவில் ஓரிடத்தில் மங்கலாக இருந்தது. திரும்பி நடந்து வந்து, அங்கே மட்டும் இன்னொரு தடவை அழுத்திக் கீறினாள்.