கனத்துத் திரும்பிய பெட்டிகள்

இலங்கைத் தீவில் முதன்முதலாக ஃபோனில் அரிசி பருப்பு வாங்கிய மனுஷி நான்தான். பதினேழு சாமான்கள். அவற்றை ஏற்றி வந்த முச்சக்கரவண்டியின் பின்சில்லு எங்கள் வாசல் மணலில் அரை முழம் புதைந்தது. தள்ளிவிட நாலு ஆள் தேவைப்பட்டது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். கொழும்பில் எனக்கு முன்பே எத்தனையோ பேர் வாங்கியிருப்பார்கள். ஆனால் குறிஞ்சிப்பிட்டியில், ஜுனைதாவின் கடையில், முதல் ஓடர் என்னுடையது. அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஜுனைதாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட சனத்தோடு, உம்மாவின் இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளையாக, வள்ளத்தில் வந்து இறங்கியவள். ஆலங்குடாவில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்து, எங்கள் ஊர் ஹஸனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். ஹஸனுக்கு ரோட்டோரம் ஒரு பலசரக்குக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை.

இரண்டாயிரத்து இருபத்துமூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் ஹஸன் மௌத்தானான். வெங்காய மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்தான், எழும்பவில்லை. ஜுனைதா இத்தாவில் இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கவேண்டிய காலம். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள். அந்தக் கடையை விட்டால் அவர்களுக்கு வேறு வருமானம் இல்லை.

கடைக் கட்டடமோ ஹஸனின் மூத்த சகோதரர் மஸாஹிரின் பெயரில் இருந்தது. கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தால் வாடிக்கைக்காரர்கள் கலைந்துவிடுவார்கள், புத்தளத்து வியாபாரி ஒருவர் கடையைக் கேட்கிறார், கொடுத்துவிடுவோம் என்று திரைக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் இவ்வளவுதான்:

“கதவ மூடுங்க மச்சான். கடைய மூட வாணாம்.”

மஸாஹிருக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஒரு கிழமை தவணை கொடுத்தார்.

ஜுனைதா அன்றைக்கே ஊர்ப் பெண்களை வாட்ஸ்அப்பில் ஒரு குழுவாகச் சேர்த்தாள். குரல் பதிவு ஒன்றும் போடவில்லை. இத்தாவில் இருக்கிறவளின் குரல் யார் யார் ஃபோனிலோ சுற்றித் திரிய வேண்டாம் என்று எழுத்தும் படமும் மட்டும். விடியக் காலை சுபஹ் தொழுதபின், அன்றைக்கு இருக்கிற சாமான்களைத் தராசில் வைத்து, முள் தெரியும்படி படம்பிடித்துப் போடுவாள். பக்கத்தில் விலை. நடுப்பகல் லுஹர் வரைக்கும் ஓடர் எழுதலாம். எழுத வராதவர்கள் வெறும் டின்னைப் படம்பிடித்து அனுப்பினாலும் போதும். ஹஸனின் தங்கை ஸக்கியா நிறுத்து, பழைய பிஸ்கட் பெட்டிகளில் அடுக்கிக் கயிறு கட்டுவாள். பின்னேரம் அஸருக்குப் பிறகு சூசைப்பிள்ளை தன் முச்சக்கரவண்டியில் கொண்டுபோய், வாசல் படலையடியில் வைத்து இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பார். காசை அவரிடமே கொடுக்கலாம். கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தாள்: வெறும் பெட்டியை மறுநாள் காலை திருப்பித் தாருங்கள், பிடிக்காத சாமான் இருந்தால் அதிலேயே வைத்து அனுப்புங்கள், காரணம் கேட்கமாட்டேன்.

மூன்று நாள் ஒருவரும் அசையவில்லை. கையில் எடுத்து நசுக்கிப் பார்க்காமல் வெங்காயம் வாங்குவதா, மூக்கில் வைத்துப் பார்க்காமல் கருவாடு வாங்குவதா என்று கிணற்றடியில் ஒரே கதை. நாலாம் நாள் என் பிரசித்தி பெற்ற ஓடர் போனது. நான் வாங்கிவிட்டேன், செத்துப்போகவில்லை என்று குழுவில் எழுதினேன். ஐந்தாம் நாள் பதினொரு வீடுகள் ஓடர் கொடுத்தன.

ஆறாம் நாள் காலையில் பெட்டிகளைச் சேர்க்கப் போன சூசைப்பிள்ளை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். என்னுடையதோடு சேர்த்துப் பன்னிரண்டு பெட்டி. ஸக்கியா ஒன்றைத் தூக்கினாள். கனத்தது. இரண்டாவதும் கனத்தது. கயிறும் கட்டியிருந்தது. அவள் திரையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

“எல்லாரும் திருப்பிட்டாங்க மதினி. ஒரு வீடும் மிச்சமில்ல.”

அந்த நேரம் பார்த்து மஸாஹிரும் வந்து சேர்ந்தார். பெட்டிகளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், புத்தளத்து வியாபாரிக்கு ஃபோனை எடுத்து, வந்து கடையைப் பார்க்கச் சொல்ல ஆரம்பித்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஜுனைதா கேட்டாள்.

“தொறந்து பாத்தீங்களா?”

யாரும் பார்க்கவில்லை. ஸக்கியா முதல் கயிற்றை அறுத்தாள். உள்ளே பீட்ரூட், மண்ணோடு. ஜுனைதா பீட்ரூட் விற்கவேயில்லை. அடுத்ததில் முருங்கைக்காய். அடுத்ததில் ஒரு கடதாசிச் சரை கூனி இறால். ஒன்றில் கோழிமுட்டை ஆறு, வைக்கோல் சுற்றி. என் பெட்டியில் வட்டிலப்பம். அதன் ருசியைப் பற்றி அடக்கம் கருதி எழுதாமல் விடுகிறேன். சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கை வராத ஊர் இது. காட்போட் பெட்டியும் பாத்திரம்தான் என்று பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் தனித்தனியே முடிவுசெய்திருக்கிறார்கள். அவள் விற்ற சாமானில் ஒரு மிளகாய்கூடத் திரும்பி வரவில்லை.

“சும்மா பெட்டி எண்டுதான் என்னட்ட செல்லி அனுப்பின,” என்றார் சூசைப்பிள்ளை. “இனி ரெண்டு கூலி.”

பன்னிரண்டாவது பெட்டியில் நீலப் பூப்போட்ட கோப்பை நிறைய இனிப்புத் தொதல். மஸாஹிர் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அவர் வீட்டுக் கோப்பை. அவருடைய மனைவி அலீமா அவருக்குத் தெரியாமல் ஓடர் கொடுத்திருக்கிறாள். வியாபாரி ஃபோனில் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். மஸாஹிர் தொண்டையைச் செருமினார்.

“இல்ல, வர வாணாம். எங்கட ஊட்லயே இங்கதான் சாமான் எடுக்குற.”

கடை தப்பியது. இத்தா முடிந்து கதவும் திறந்தாயிற்று. ஆனால் ஃபோன் ஓயவில்லை. இப்போது எத்தாளைக்கும் ஆலங்குடாவுக்கும் பெட்டி போகிறது. ஏன் என்று நான் பலரைக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் கடலுக்கோ கட்டாருக்கோ போய்விட்ட பெண்கள், ஆண்கள் கூடி நிற்கிற கடையில் காத்து நிற்கத் தேவையில்லை என்றார்கள். தராசு முள் கண்முன்னே தெரிகிறது என்றார்கள். உண்மையான காரணத்தை அடுத்த வீட்டுச் சபூராதான் என் காதோடு சொன்னாள்: விலை ஏறிய அந்த வருஷம் நூறு கிராம் பருப்பு, ஐம்பது கிராம் பால்மா என்று வாங்கினோம், நாலு பேர் முன்னால் அதை வாயால் கேட்கிற வெட்கத்தை ஜுனைதா இல்லாமல் செய்துவிட்டாள் என்று. நூறு கிராமுக்கும் அதே பெட்டி, அதே கயிறு.

எனக்கும் வெளியே சொல்லக்கூடிய காரணங்கள் உண்டு. மகன் நஜாத் விடியக் காலை உப்பளத்துக்குப் போனால் பின்னேரம்தான் வருவான். மருமகள் ஷம்லா ரீச்சர். என் முழங்கால் ரோட்டைக் கடக்கச் சம்மதிப்பதில்லை. படலையடியில் ஹோர்ன் இரண்டு தரம் கேட்கிறபோதெல்லாம் அல்ஹம்துலில்லாஹ் என்கிறேன். ஒன்று சாமானுக்காக. மற்றது அந்தப் பிள்ளை திரைக்குப் பின்னாலேயே நின்றுவிடாமல் போனதற்காக.

இதுவரை எழுதியதை நேற்று பின்னேரம் வாசித்துக் காட்டினேன். ஜுனைதா தானே பெட்டியோடு வந்திருந்தாள். முதல் பந்தியைக் கேட்டதும் தலையைக் குனிந்து சிரித்தாள். கொப்பி திருத்திக்கொண்டிருந்த ஷம்லாதான் சிவப்புப் பேனையைக் கீழே வைத்தாள்.

“பதினேழு சாமான் எங்க மாமி? ஒரு பெக்கட் உப்பு. அதுவும் எங்கட குசினிக்குப் பின்னால உங்கட மகன் கொண்டுவந்த உப்பு மூணு மூட்டை கிடக்கக்குள்ள.”