மாடி வாடகைக்கு

கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டு ஓனர் வருஷா வருஷம் வாடகையை ஏற்றுவார். போன வருஷம் ஒரேயடியாக, "தை பொறந்ததும் காலி பண்ணிடுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். முக்கால்வாசி வேலை ஈசிஆர் கடற்கரை ரோட்டுப் பங்களாக்களில்தான். எனக்குத் திருவிடந்தைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் துணி துவைக்கும் இடத்தில் வேலை. என் அம்மா வீடு அதற்குப் பக்கத்திலேயே. அந்த ஊரில் மனை விசாரித்தோம். சென்ட் விலையைச் சொல்ல புரோக்கருக்கே கூச்சமாக இருந்தது. அம்மா கூலிக்கு நாற்று நட்ட வயலெல்லாம் இப்போது மெட்ராஸ்காரர்களின் பங்களா. சனிக்கிழமை திறந்து ஞாயிறு சாயங்காலம் பூட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் காவல் நாய்தான் குடித்தனம்.

காலனியில் அம்மாவுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. அதன்மேல் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு மாடி எழுப்பியிருந்தாள், எனக்காகத்தான். அங்கே போகலாம் என்றதற்கு என் வீட்டுக்காரர், "வூட்டோட மாப்ளன்னு நெத்தியில எழுதி ஒட்டிடுவானுங்க" என்றார். எனக்கு வந்தது பாருங்க கோபம். ஒழுகுகிற வீட்டுக்கு வாடகை கொடுத்தால் மானம் போகாதாம், மாமியார் மாடியில் படுத்தால் போய்விடுமாம்! ரெண்டு நாள் நான் பேசவில்லை. அவரே சமைத்து அவரே சாப்பிட்டார்.

அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். "இவ்ளோதானா? வாடகைக்கு வரச் சொல்லு" என்றாள். மறுநாளே அம்மா வீட்டு கேட்டில் போர்டு தொங்கியது: மாடி வாடகைக்கு. இவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "வாடகைன்னா அது வேற. யோசிக்கலாம்" என்றார். யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார்.

போர்டு இவருக்காக மாட்டியது என்று ஊருக்குத் தெரியுமா? எங்கள் ரிசார்ட் சமையல்கட்டில் வேலை செய்யும் அசாம் பையன்கள் ரெண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள். அம்மா போன் பண்ணினாள். "தங்கமான புள்ளைங்க, செருப்பக்கூட ஓரமா வுட்டுட்டு வர்றானுங்க. உன் வூட்டுக்காரரு யோசிச்சிகினே கெடக்கட்டும். நான் ஞாயித்துக்கெழம சாவி குடுத்துடப் போறேன்."

நிஜமா நடிப்பா என்று எனக்கே தெரியவில்லை. எனக்கென்று கட்டிய மாடி. விஷயத்தைச் சொன்னதும் இவர் வண்டியை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அம்மா அன்றைக்கு "வாங்க மாப்ள" என்று சொல்லவில்லை. நாற்காலி போட்டாள்.

"எத்தினி பேரு?"

"ரெண்டு பேருங்க."

"செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. மோட்டாரு காலையில மட்டுந்தான். வாடக அஞ்சாந்தேதிக்குள்ள வந்துடணும்."

"சரிங்க" என்றார் இவர், தலையைக் குனிந்தபடி. நான் சிரிப்பை அடக்க துப்பட்டாவை வாயில் வைத்துக் கடித்தேன். அட்வான்ஸை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் அம்மா.

அந்தப் பையன்களையும் அவள் கைவிடவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தியின் பிள்ளைகள் கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரிக்கே போய்விட்டார்கள், இரண்டு அறை சும்மா கிடந்தது. அங்கே குடிவைத்தாள். இப்போது சித்தி வீட்டில் கடுகெண்ணெய் வாசனை. "மீன் கொழம்பு சோக்காத்தான் கீது" என்கிறாள் சித்தி.

நாங்கள் பால் காய்ச்சிய அன்று, இவர் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துப் படியேறிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இன்னாம்மா, மாப்ள வூட்டோட வந்துட்டாரா?" என்றாள். இவர் பாதிப்படியில் அப்படியே நின்றுவிட்டார்.

எங்கம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவரு நம்ம மாடிக்கு வாடகைக்கு வந்துகீறாரு. எம்பொண்ணு அவரு கூட வந்துகீது."

சிலிண்டர் மடமடவென்று மேலே ஏறிவிட்டது.