துளசிக்குப் போர்த்திய ஈர வேட்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியைப் பற்றிய பேச்சு இது. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெருமாள் பக்தியில் அவரை மிஞ்ச ஆளில்லை. குறை சொன்னால் பாவமோ என்று பயம். ஆனாலும் மார்கழி பிறந்தால், நாலு சவுக்குக் குச்சிகளின் மேல் தொங்கிய அந்தப் பழைய வேட்டி கண்ணுக்குள் வந்து நிற்கிறது.

அறுபதுகளின் கடைசி. ஊத்துக்கோட்டைப் பக்கம் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். என் மகன் விஷக்காய்ச்சலில் பிழைத்து எழுந்தான். என் கையால் வளர்த்த துளசியில் மாலை கட்டி, வைகுண்ட ஏகாதசிக்குச் சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டு கிணற்றடியில் பாத்தி போட்டேன். நன்றாகத்தான் தழைத்தது. அந்த வருஷம் பனி மழை மாதிரி கொட்டி, கொழுந்தெல்லாம் கருக ஆரம்பித்தது. சாயங்காலம் குச்சி நட்டு, வீட்டுக்காரரின் பழைய வேட்டியைப் பந்தல் போல் கட்டுவேன். வெயில் ஏறியதும் எடுத்துவிடுவேன்.

அக்கா பார்த்துவிட்டார். "இன்னாமே இது? ஆம்பள இடுப்புல கட்ன துணிய பெருமாளு செடி மேல போட்டுக்கினு இருக்கற?" என்று உருவிப் போட்டார். துவைத்துக் காயவைத்துக் கட்டினேன். "கொடியில காயசொல்ல யாரு தொட்டாங்களோ" என்று அதையும் உருவினார். நான் கட்ட, அவர் உருவ, நடுவில் செடிதான் வாடியது. காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

கடைசியில் மனம் இரங்கினார். அதுதான் வினை. தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேட்டியைக் கிணற்று நீரில் அலசி, சொட்டச் சொட்ட அவரே போர்த்தினார்.

"ஈரம் வேணாங்க்கா. பனியோட இதுவும் சேந்தா செடி தாங்காது" என்றேன்.

"கோயில்ல ஈரத்துணியோட சுத்தறோமே, நமக்கு இன்னா ஆயிப்போச்சி? சாமி செடிக்கு மட்டும் ஆயிடுமா?"

குச்சிகளை இன்னும் கொஞ்சம் ஆழமாக அழுத்திவிட்டு உள்ளே போனேன்.

விடிந்து பார்த்தால், ஈரம் கனத்துக் குச்சிகள் சாய்ந்து, வேட்டி செடிகளோடு ஒட்டிக் கிடந்தது. தூக்கினேன், கறுத்த இலைகள் துணியோடு வந்தன. "பெருமாளு எடுத்துக்கினாரு" என்று சொல்லிவிட்டு, ஏகாதசிக்கு அக்கா கடைத்தெருவில் துளசி மாலை வாங்கி வந்தார். பஸ் கூட்டத்தில் யார் யார் மடியிலோ இருந்து வந்த மாலை. இது மட்டும் தீட்டில்லையா என்றேன். "கடையில வாங்கறதுக்குத் தீட்டு ஏதுமே!" என்று சிரித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கிணற்றுச் சுவர் மறைவில் தப்பியிருந்த ஒரே கொத்தைக் கிள்ளி அந்த மாலைக்குள் செருகினேன். வேண்டுதல் தீர்ந்ததாகுமா, பெருமாளுக்குத்தான் தெரியும்.

இப்போது புதுவாயலில் அந்த மகன் வீட்டில்தான் இருக்கிறேன். அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். மார்கழியில் தொட்டித் துளசிக்கு வேட்டி போர்த்தினால், மருமகள் எட்டிப் பார்த்து, "துவச்சதா அத்த?" என்கிறாள். எனக்குச் சுள்ளென்று வருகிறது. "காஞ்சதான்னு கேளுமா!"

யாரிடமாவது இதைச் சொல்வதாக இருந்தால் இப்படியே சொல்லுங்கள். அந்த ஈரத்தை விட்டுவிடாதீர்கள். அந்தக் குளிரில் அக்கா தலைக்கு ஊற்றிக்கொண்டதும் என் செடிகளுக்காகத்தான்; அதையும் விட்டுவிடாதீர்கள்.