தனியாக நின்ற நான்கு பக்கங்கள்

வெள்ளிமலையில் தினை மூட்டைகளை எடை போட்டு ஏற்றிவிட்டு ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தேன். மேலே என் போனுக்கு டவர் கிடைப்பதில்லை. பாதி மலை இறங்கியதும் போன் விழித்துக்கொண்டது. எடுக்காமல் விட்ட அழைப்புகள் ஒன்பது, எல்லாம் குமாரிடமிருந்து. திருப்பி அழைத்தேன்.

"மகேஸு போய்ட்டா அண்ணா. மூணு நாள் காய்ச்சல்தான்" என்றார்.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். அவர் மனைவி மகேஸ்வரி முந்தாநாள் எனக்கு அனுப்பிய கடைசிச் செய்தி போனில் அப்படியே இருந்தது: "அண்ணா, சைட்டுல தினை பேஜ் நாலும் தனியா நிக்குது. ஒடம்பு சரியானதும் வழி போட்டுத் தரேன்."

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இ-சேவைக் கடை வைத்திருந்த மகேஸ்வரியை, சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவராக உங்களில் பலருக்குத் தெரியும். என் வியாபாரத்தை நிற்க வைத்ததும் அவர்தான் என்பது சிலருக்கே தெரியும். நான் மூட்டை தூக்கி ஆரம்பித்தவன். சும்மா ஒருவரைப் புகழ்ந்து எழுதுகிற பழக்கம் எனக்கில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு வெள்ளிமலைப் பக்கம் பதினோரு குடும்பங்களிடம், களத்துக்கு வரும் தரகருக்குச் சாமையைக் கொடுக்க வேண்டாம், மொத்தத்தையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எடுத்தும் விட்டேன். இணையதளம் திறந்து விற்றுவிடலாம் என்பது கணக்கு. ஏழு பக்கத்தில் ஒன்றைத் திறந்தேன். சாமை என்று தேடினால் யார் யார் கடையோ வந்தது, என் கடை வரவில்லை. குடோனில் மூட்டை அசையவில்லை. அது போகாவிட்டால் அடுத்த அறுவடையை எடுக்க முடியாது. அப்புறம் மலையில் என் பேச்சை யார் கேட்பார்கள்?

அந்தச் சமயத்தில்தான் வியாபார லைசென்ஸ் புதுப்பிக்க மகேஸ்வரியின் கடைக்குப் போனேன். விண்ணப்பத்துக்காக என் தளத்தைத் திறந்து பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"இன்னாண்ணா இது? ஏழு ரூம் கட்டிட்டு ஒரு ரூமுக்கும் கதவு வெக்காம வுட்டுக்கிற?"

"எல்லாருக்கும் போன்ல லிங்க் அனுப்பிக்கினுதாம்மா இருக்கேன்."

"அது ஒனக்குத் தெரிஞ்சவங்களுக்கு. தேடுற மெஷினு ஒரு பேஜ்லருந்து இன்னொண்ணுக்கு லிங்க்கப் புடிச்சிக்கினுதான் போவும். வழியே இல்லாத பேஜ அது எப்படிக் கண்டுபுடிக்கும்? கண்டாலும், கடைக்காரனே கண்டுக்காத சரக்குன்னு தள்ளி வெச்சிடும்."

இவ்வளவுதானே என்று வீட்டுக்கு வந்து நானே உட்கார்ந்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மற்ற எல்லாப் பக்கங்களுக்கும் லிங்க் போட்டேன். எல்லாவற்றுக்கும் 'இங்கே அழுத்தவும்' என்று ஒரே பெயர். சாமையோடு நான் விற்கும் மலைத்தேன் நன்றாக ஓடுகிறதே என்று சாமைப் பக்கத்தில் மட்டும் தேனுக்கு நான்கு இடத்தில் வழி வைத்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஓடுகிற சரக்கை அடுக்குகிற புத்தி அது. மறுநாள் பெருமையாகக் காட்டினேன்.

"மொதலாளி, கொஞ்ச நேரம் சும்மா ஒக்காருங்க" என்றார். கோபம் வந்தால்தான் நான் அவருக்கு முதலாளி, மரியாதையும் அப்போதுதான் ஜாஸ்தி.

உட்கார்ந்தேன். மலையிலிருந்து வந்த ஒரு பெண் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக நின்றிருந்தார். மகேஸ்வரி வேலையை முடித்து ரசீதைக் கொடுக்கும்போது, அதன் பின்புறத்தில் அடுத்து எந்தச் சான்று வாங்க வேண்டும், அதற்கு எதெல்லாம் கொண்டுவர வேண்டும் என்று எழுதி, வாசித்தும் காட்டினார். எல்லோருக்கும் அப்படித்தான் செய்வார். அதற்கென்று தனிக் காசு வாங்கியதில்லை. அந்தப் பெண் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"தாலுகா ஆபீசுல இருக்கிற அத்தன ரூமையும் எழுதி, எல்லாத்துலயும் 'இங்க போ'ன்னு குடுத்தா அந்தம்மா எங்க போவாங்க? அடுத்து இன்னா வேணுமோ அத பேர் சொல்லி எழுதணும். சாமைக்கு வந்தவன தேனுக்குத் தள்ளாத."

தளத்தின் பாஸ்வேர்டை எழுதி அவரிடம் கொடுத்தேன்.

அன்றே நான் போட்டதில் பெரும்பகுதியை அழித்தார். தளத்தில் ஓரளவுக்காவது ஆட்கள் வந்து படித்தது சாமைப் பொங்கல் செய்முறையை மட்டும்தான். அவர் வீட்டுப் பக்குவம் அது; எப்போதோ கேட்டு வாங்கி நான் போட்டிருந்தேன். அதற்கும் சாமை விற்கும் பக்கத்துக்கும் நடுவே ஒரு வழியும் இருக்கவில்லை. அரிசியைக் கழுவி வறுக்கச் சொல்லும் இடத்தில், 'கல்வராயன் மலைச் சாமை அரிசி' என்ற சொற்களிலேயே லிங்க்கை வைத்தார். விற்கும் பக்கத்திலிருந்து பொங்கலுக்கும் ஒரு வழி விட்டார். விற்கும் பக்கத்தையும் புரிகிற மாதிரி எழுதித் தந்தார். லிங்க் மட்டுமே மாயம் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

"தேடுனா எப்பம்மா என் கடை மேல வரும்?"

"மலை ரோட்டுல பஸ்ஸ வெரட்டுவியா நீ? ஏறும், இரு."

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அவரைத் திட்டவும் செய்தேன். பிறகு ஒவ்வொன்றாக ஆர்டர் வந்தது. தெரியாத ஊர்களிலிருந்து, தேடி வந்தவர்களிடமிருந்து. அடுத்த அறுவடைக்கு முன் குடோன் காலியானது. பதினோரு குடும்பத்தாரும் இன்றும் எனக்குத்தான் கொடுக்கிறார்கள். இந்த வருடம் தினையும் கொடுத்திருக்கிறார்கள். அன்று ஜீப்பில் என் பின்னால் இருந்த மூட்டைகள் அவைதான்.

மகேஸ்வரிக்குக் காரியம் முடிந்த மறுநாள் கணினி முன் உட்கார்ந்தேன். வேறு ஆளைப் பிடிக்கலாம் என்றான் மகன். வேண்டாம் என்றேன். தினைப் பக்கங்கள் நான்கையும் வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு லிங்க்குக்கும் முன்னால் அவர் கேட்கும் கேள்வியைக் கேட்டுக்கொண்டேன்: "படிக்கிறவனுக்கு இங்க இது வேணுமா, ஒனக்கு வேணுமா?" எனக்காக வைத்ததையெல்லாம் எடுத்தேன். இரண்டு நாள் பிடித்தது. நான்கும் இப்போது தனியாக இல்லை. மூட்டையும் நகரும், நகர்த்துவேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான்.

இதையும் என் தளத்தில்தான் ஏற்றுகிறேன். வழியில்லாமல் விட்டால் அவரே ஏசுவார். எங்கிருந்து வழி விடுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். சாமைப் பொங்கல் பக்கத்தில், இந்தப் பக்குவத்தைச் சொன்னவர் யார் என்று படிப்பவர் கேட்கக்கூடிய இடத்தில், ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதில் 'இங்கே அழுத்தவும்' என்று இல்லை. 'மகேஸ்வரி' என்று இருக்கிறது.