எனக்கென்று வாங்கிய கோடி

போரில் இந்நகரத்தைப் பிடித்த ஜப்பானியர் அதன் பெயரைச் சியோனான் என்று மாற்றியிருந்த காலத்தில் நான் அறுபதைக் கடந்திருந்தேன். கல்லூரிப் பட்டமும், தலைமை எழுத்தராக ஓய்வுபெற்ற மரியாதையும் எனக்கு உண்டு. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் மகன், மருமகளோடு வசித்தேன். தெருவில் எவரும் என்னை எழுந்து நின்றே வணங்குவர்.

பங்கீட்டில் கிடைத்த சிறிதளவு வெள்ளையரிசி முழுவதும் என் தட்டுக்கே வந்தது. பெரியவருக்குச் சோறு; மற்றவர்களுக்கு மரவள்ளிக்கிழங்கும் கீரையும் பச்சைப்பயறும். அதுவே எங்கள் வீட்டு முறை. அம்முறையில் குறை காண எனக்கும் தோன்றவில்லை. சில மாதங்களில் என் கால்கள் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. "இந்தப் பஞ்சத்திலயும் ஐயா பூசினாப்ல இருக்காரு" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாளரான டிரெஸ்ஸர் ஒருவர் வந்து பார்த்தார்.

"பெரிபெரி. தீட்டின அரிசியை நிறுத்துங்க. தவிடு சாப்பிடுங்க. இல்லாட்டி நெஞ்சுல போய் நிக்கும்."

தவிடு மாட்டுக் கொட்டகைகளில்தான் கிடைத்தது. மகன் உடனே கிளம்பினான்.

"யாருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்றேன்.

"மாட்டுக்குன்னு சொல்றேன்பா."

"நம்ம வீட்ல மாடு இல்லைன்னு ஊருக்கே தெரியும். வேண்டாம்."

மாட்டுத் தீனி தின்று பிழைத்தவன் என்ற பேச்சைக் காட்டிலும் கண்ணியமாகப் படுத்துச் சாவதே தகும் என்று தீர்மானித்தேன். படுத்தும்விட்டேன்.

அப்படிக் கிடந்த நாட்களில் ஒரு காலை, மகனின் மாமனார் தஞ்சோங் பகாரிலிருந்து நடந்தே வந்தார். கூடத்தில் அமர்ந்து என் மகனிடம் ஏதோ பொட்டலத்தைக் கொடுத்தார். எனக்கும் அவர்களுக்கும் இடையே இருந்தது ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே.

"கோடி வேட்டி, மாப்பிள்ளை. சம்பந்தி வீட்டு முறை எங்களோடது இல்லையா. கடையில துணியே கண்ணுல படல. அந்த நேரத்துல எங்க போய்த் தேடுறது? கிடைச்சப்பவே வாங்கிட்டேன்."

"அப்பா உள்ள முழிச்சிட்டுத்தான் இருக்காரு, மாமா."

"மெதுவாத்தானே பேசுறேன்."

பிணத்தின்மீது போர்த்தும் புதுத்துணி, நான் கேட்டுக்கொண்டிருக்கையிலேயே வீட்டுக்குள் வந்துவிட்டது. சம்பந்தியை நான் குறை சொல்லமாட்டேன். தம் கடமையில் தவறக்கூடாதென்று அஞ்சிய மனிதர் அவர். என்னைச் சுட்டது வேறொன்று. நான் கண்ணியம் என்று எண்ணிப் படுத்திருந்தது, பிறருக்கு ஏற்பாடு செய்து முடிக்கவேண்டிய ஒரு வேலையாகியிருந்தது. அந்த வேலையை எவருக்கும் எளிதாக்கித் தர எனக்கு மனமில்லை.

சுவரைப் பிடித்தபடி கூடத்துக்கு வந்தேன். சம்பந்தி பதறி எழுந்தார்.

"கொடுங்க, பார்ப்போம்" என்றேன்.

"சம்பந்தி, அது வந்து..."

"எனக்குன்னுதானே வாங்கினீங்க?"

"ஆமா. ஆனா இப்ப இல்ல."

உள்ளே சென்று அதைக் கட்டிக்கொண்டு திரும்பினேன். கஞ்சியின் மொடமொடப்புக் குறையாத எட்டு முழம். அந்த ஆண்டில் அதற்கு ஈடான வேட்டி எங்கள் சாலையில் எவர் இடுப்பிலும் இல்லை. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா, அதைக் கட்டக்கூடாது மாமா."

"உயிரோட இருக்கிறவன் கட்டினா அது வெறும் வேட்டிதாம்மா."

சம்பந்தி என் மகனைப் பார்த்தார். "அப்ப நான் இன்னொண்ணுக்குச் சொல்லி வைக்கவா?"

"சொல்லி வைங்க. அவசரம் இல்ல" என்றேன் நான்.

அந்த வேட்டியோடு படியிறங்கினேன். கொட்டகை தொலைவில்லை, ஆயினும் வழியில் பலமுறை நிற்க நேர்ந்தது. மகன் பின்னால் வந்தான். தாங்கிப் பிடிக்க நீட்டிய அவன் கையை நான் ஏற்கவில்லை. கொட்டகை வாசலில் கோயிலுக்கு வரும் பழக்கமான இருவர் பாலுக்காக நின்றிருந்தனர். வேறொரு நாளாயின் அவர்களைக் கண்டதும் திரும்பியிருப்பேன்.

தவிடு வேண்டுமென்றேன். பால்காரர் சாக்கை அவிழ்த்தார்.

"எந்த மாட்டுக்குங்க ஐயா? கறவையா?"

"மாட்டுக்கு இல்லை. எனக்கு."

அவர் கை சாக்கிலேயே நின்றது. பாலுக்கு நின்றவர்களில் ஒருவர், "ஐயாவுக்குக் கழுநீரும் வேணுமோ?" என்றார். மற்றவர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

"இருந்தா அதையும் ஊத்தச் சொல்லுங்க" என்றேன்.

ஒரு பிடி அள்ளி அங்கேயே வாயிலிட்டேன். சாக்கின் வாடை. நாக்கிலும் அண்ணத்திலும் அப்பிக்கொண்டு இறங்க மறுத்தது. இருவரையும் பார்த்தபடியே மென்று விழுங்கினேன். அவர்கள்தாம் பார்வையைத் திருப்பிக்கொண்டனர்.

அன்று முதல் எங்கள் வீட்டில் சோறும் கிழங்கும் பயறும் எல்லாத் தட்டுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டன. வீக்கம் வடியப் பல வாரங்கள் ஆயின. அவ்வாரங்களில் தலைமை எழுத்தர் தவிடு தின்கிறார் என்ற பேச்சு தஞ்சோங் பகார் வரை போயிற்று. அது பொய்யன்று. தான் போய் வாங்கி வருவதாக மகன் நாள்தோறும் கேட்டான். நான் அவனை அனுப்பவில்லை. வெயில் ஏறி, சாலையில் ஆள் நடமாட்டம் மிகுந்த பிறகே புறப்பட்டு, நானே போய் வாங்கினேன்.