பார்க்காமல் போட்ட டிக்

போன வருடம் அக்டோபர் மாதம், ஒரு ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை. ஆராதனை நேரத்தில் போனைத் தொடாதவன் என்று அம்பத்தூர் சபையில் எனக்கு நல்ல பெயர். வெளியே வந்து பார்த்தால் பதினோரு அழைப்புகள். எல்லாமே பட்டாபிராமில் நான் லிஃப்ட் பராமரிக்கும் ஓர் அடுக்குமாடியின் வாட்ச்மேன் ஏழுமலை செய்தவை.

"இன்னா சார், போனே எடுக்க மாட்டேன்ற? கரன்ட் பூட்ச்சி. செக்ரட்டரி வூட்டம்மா லிஃப்ட்ல மாட்டிகினு கீறாங்க. அவங்களுக்கு வீசிங் வேற. சீக்கிரம் வா சார்."

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஏன் என்று புரிய, என் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பெரிய கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துவிட்டுச் சொந்தமாகத் தொடங்கியவன் நான். ஆவடியிலிருந்து வேப்பம்பட்டு வரை இருபத்திரண்டு கட்டிடங்கள் கையில் இருந்தன. ஒவ்வொரு லிஃப்டுக்கும் மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் அறையில் ஒரு சர்வீஸ் அட்டை தொங்கும். மாதம் ஒருமுறை பிரேக், கயிறு, கதவு, பேட்டரி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அதில் டிக் போட வேண்டும். இதில் பேட்டரிதான் முக்கியம். கரண்ட் போனால் லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடுவது அதுதான். அதைச் சோதிக்க வேண்டுமென்றால் லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்தால் குடியிருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் எங்கள் தொழில் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மழை மாதத்தில் வேலை பிந்தினால், அட்டையைக் கழற்றிக்கொண்டு கீழே வந்து, செக்ரட்டரி வீட்டு சோபாவில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே எல்லா டிக்கையும் போட்டுவிடுவோம்.

அந்தக் கட்டிடத்துச் செக்ரட்டரி சண்முகம் சார், ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லேசில் யாரையும் நம்ப மாட்டார். வாங்கிய வெங்காயத்தை வீட்டில் இன்னொரு முறை எடை போடுகிற மனிதர். ஆனால் என் அட்டையில் மட்டும் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். "நீங்க சர்ச்சுக்குப் போறவரு ஜெபராஜ். நீங்க டிக் போட்டா சரியாத்தான் இருக்கும்" என்பார். அட்டையின் தலைப்பில் ஒரு வேத வசனம் வேறு அச்சடித்திருந்தேன். ஆண்டவர் பெயரைக் காட்டி வாடிக்கை பிடித்தேன் என்பதுதான் உண்மை. அப்போது அதை ஊழியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பைக்கில் போகும்போது ஜெபித்தேன். அந்த முதல் ஜெபத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "ஆண்டவரே, இது பேட்டரியாக இருக்கக் கூடாது." ஆவடி செக்போஸ்ட் சிக்னலில் நின்றபோதுதான் உறைத்தது. அங்கே ஒரு பெண்மணி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறார், நான் என் பெயருக்காக ஜெபிக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன். "என் பெயர் போகட்டும் ஆண்டவரே. அந்த அம்மாவைக் காப்பாற்றும். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்" என்றேன்.

மெஷின் அறைக்கு ஓடினேன். ஏழுமலை பிரேக் லீவரைப் பிடித்துக்கொள்ள, நான் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை இரண்டாம் மாடிக்கு இறக்கினேன். ஓடி இறங்கிக் கதவைத் திறந்தபோது சண்முகம் சாரின் மனைவி கமலா அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்துப்போயிருந்தது. சண்முகம் சார் இன்ஹேலரை அவர் வாயில் வைத்தார். சற்று நேரத்தில் பேச்சு வந்தது. "காய்கறிப் பை உள்ளயே இருக்கு, எடுங்க" என்பதுதான் முதல் வார்த்தை. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார்.

ஆனால் நான் சொன்ன வாக்கு மீதி இருந்தது.

மேலே போய்ப் பார்த்தோம். பேட்டரி உப்பிப்போய்க் கிடந்தது. பக்கத்திலேயே அட்டை, ஒன்பது நாளுக்கு முன் நான் போட்ட பச்சை டிக்கோடு. சண்முகம் சார் அதைப் பார்த்துவிட்டு, "போன வாரம் நல்லா இருந்ததுதானே? பேட்டரி வித்தவன் ஏமாத்திட்டான். அவன் மேல கம்ப்ளெயின்ட் எழுதுவோம்" என்றார். தலையை ஆட்டினால் போதும், நான் தப்பித்துவிடலாம். ஆட்டிவிடலாம் என்றுதான் மனசு சொன்னது.

"சார், நான் பாக்கவே இல்ல. உங்க சோபாவுல உக்காந்துதான் டிக் போட்டேன். ரெண்டு மாசமா மெயின ஆஃப் பண்ணியே பாக்கல."

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "மேல அச்சடிச்சிருக்கிறத நம்பித்தானே தம்பி கையெழுத்துப் போட்டேன்? கிளம்புங்க."

அடுத்த வாரமே வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். நான் மற்றக் கட்டிடங்களுக்கெல்லாம் போய், நடந்ததைச் சொல்லி, மெயினை அணைத்துச் சோதித்தேன். மூன்று இடத்தில் பேட்டரி வேலை செய்யவில்லை. அன்று கமலா அம்மாவுக்காக மட்டும்தான் கேட்டேன். முகம் தெரியாத எத்தனை பேரைக் கர்த்தர் அதோடு சேர்த்துக் காத்தார் என்று அங்கே நின்று நினைத்துக்கொண்டேன். சில இடங்களில் என்னை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. புது அட்டையில் வசனம் அச்சடிக்கவில்லை.

பிப்ரவரியில் சண்முகம் சார் போன் செய்தார். "புதுசா வந்தவனும் சோபாவுலதான் உக்கார்றான். கேட்டா இல்லைன்னு சாதிக்கிறான். நீங்களே வாங்க. ஆனா மெயின நான்தான் ஆஃப் பண்ணுவேன், நீங்க லிஃப்டுக்குள்ள நிக்கணும்."

போனேன். அந்த ஞாயிறிலிருந்து கமலா அம்மா லிஃப்டில் கால் வைக்கவில்லை என்று ஏழுமலை சொன்னான். நாலு மாடியையும் படியிலேயே, மாடிக்கு மாடி நின்று நின்று ஏறுகிறாராம். நான் புதுப் பேட்டரியை மாட்டிவிட்டு உள்ளே போய் நின்றேன். கதவு மூடும் நேரத்தில் கையில் இன்ஹேலரோடு அவரும் வந்து நுழைந்தார்.

"நீங்க வேணாம்மா" என்றேன்.

"அன்னைக்கு நீங்க மறைக்கல. அதனாலதான் ஏறுறேன். ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

லிஃப்ட் மேலே கிளம்பியதும் விளக்கு அணைந்தது. லிஃப்ட் நடுவில் நின்றது. அந்தச் சில நொடிகளில் நான் செய்த ஜெபத்துக்கு வார்த்தையே இல்லை. பிறகு ஒரு சின்ன அசைவு. லிஃப்ட் இறங்கிக் கதவு திறந்தது.

அன்பானவர்களே, உங்கள் தொழிலிலும் எங்கோ ஒரு சோபா இருக்கும். அதிலிருந்து எழுந்திருங்கள். என் பெயர் போனாலும் பரவாயில்லை என்று ஆண்டவரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எனக்குச் செவிகொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார். அவருக்கே துதி.

கமலா அம்மா இப்போது லிஃப்டில்தான் போய்வருகிறார்.