மதகுக்கு வந்த போன்

போன வாரம் நீடாமங்கலம் பக்கம் மல்லிகாவைப் பார்க்கப் போயிருந்தேன். கல்லூரியில் என்னோடு படித்தவள். ஒரத்தநாட்டுக்காரி. அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் நடவு, அறுப்பு என்று உழைத்தவர்கள். இவள் இன்று உதவிப் பொறியாளர். ஆற்று மதகுகளைக் கம்ப்யூட்டரிலிருந்தே ஏற்றி இறக்கும் கன்ட்ரோல் ரூம் அவள் பொறுப்பில்.

"சஸ்பெண்ட் ஆயிருக்க வேண்டியவளப் பாக்க வந்திருக்கே. டீ குடிக்கிறியா?" என்றாள். வரவேற்பைப் பாருங்கள்!

நடந்தது இதுதான். அடைமழை. ஆறு கரையைத் தொட்டு ஓடுகிறது. கீழே கதிர் விடும் பருவத்தில் சம்பா. அவள் தம்பியின் வயலும் அதில் உண்டு. காலை பதினோரு மணிக்கு, புது நம்பரிலிருந்து ஒரு போன். பேசியது மேலதிகாரி. அதே கரகரப்பு, அதே அவசரம்.

"மல்லிகா, மதகு கன்ட்ரோலை ஹெட் ஆபீஸ் எடுத்துக்கப் போகுது. பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

"உங்க பழைய நம்பருக்கு நானே கூப்பிட்டுச் சொல்றேன் சார்."

"என் குரல் தெரியலையா உங்களுக்கு?"

"தெரியுது சார். இருந்தாலும் கூப்பிடறேன்."

கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது... யாரும் எடுக்கவில்லை. மறுபடி அந்தப் புது நம்பர். "வெள்ளம் வந்தா நீங்கதான் பொறுப்பு. சஸ்பென்ஷன் ஆர்டர் ரெடி பண்ணச் சொல்லட்டுமா?"

நானாக இருந்தால்? மதகு பாஸ்வேர்டோடு என் வீட்டு வைஃபை பாஸ்வேர்டையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

"நெஜமாவே அவரா இருந்தா வேலை போச்சுடி. அவரா இல்லாம இருந்தா? அத்தனை ஷட்டரையும் ஒரே நேரத்துல எவனோ தூக்கிவிட்டா, பயிர் மட்டுமா போகும்?"

போனை வைத்தாள். வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாதபடி நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். மதகுக் காவலுக்கு இருக்கும் லஸ்கர்கள் இரண்டு பேரை ஓடவிட்டாள். "கம்ப்யூட்டரை மறந்துடுங்கண்ணே. நான் சொல்லச் சொல்லக் கையால திருகுங்க." கொட்டும் மழையில் அவர்கள் சக்கரத்தைத் திருகினார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து மேலதிகாரியே கூப்பிட்டார். மீட்டிங்கில் போனை சைலன்ட்டில் போட்டிருந்தாராம். "நான் உங்களைக் கூப்பிடவே இல்லையேம்மா!"

கம்ப்யூட்டர் செய்த குரல் அது. செய்தது யார் என்று விசாரணை நடக்கிறது. பயிர் தப்பித்தது.

மறுநாள் அவர் நேரில் வந்தார். "என் குரலையே நம்பலையா நீங்க?" என்றார். மல்லிகா சுவரைக் காட்டினாள். சைபர் பாதுகாப்பு பற்றி அரசாங்கம் ஆங்கிலத்தில் அனுப்பிய சர்க்குலரிலிருந்து ஒரு வரியைத் தமிழில் எழுதி ஒட்டியிருந்தாள்: 'கேட்பவர் யாராக இருந்தாலும், தெரிந்த நம்பரில் திருப்பி அழைத்து உறுதி செய்யவும்.' அவர் சிரித்துவிட்டார். எல்லா கன்ட்ரோல் ரூமிலும் இதை ஒட்டச் சொன்னார்.

சைபர் போர் என்றதும் நமக்கு டெல்லியும் பெரிய பெரிய திரைகளும்தான் ஞாபகம் வருகின்றன. அவையும் வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், திருப்பி அடிக்கவும் தெரிந்தவர்கள் — சந்தேகமே இல்லை. ஆனால் எதிரி வாசல் கதவைத் தட்டுவது நீடாமங்கலத்தில் அல்லவா? அங்கே 'முடியாது சார்' என்று சொல்ல ஒருத்தி வேண்டும். சொன்னதற்காக அவளைத் தண்டிக்காத கொள்கையும் வேண்டும்.

மேலதிகாரியைச் சந்தேகப்படலாம் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது. இனி கவலைப்பட வேண்டியது எதிரிதான்!